நாமினி படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

கிச்சிப்பாளையம்_24

எல்லாருக்கும் வணக்கம். ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி. சேர்ந்து இரண்டரை வருடம் ஆகிறது. போன மாதம் எங்கள் சீனியர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஆலையின் உணவு உரிமத்தில் பொறுப்பாளர் என்று அவர் பெயர்தான் இருந்தது. நேற்று அக்கவுண்ட்ஸ் அண்ணன் ஒரு தாளை நீட்டி, "ஒரு கையெழுத்துப் போடுப்பா, பார்மாலிட்டிதான்" என்றார்.

வாங்கிப் படித்தால் படிவம் 9. ஆலையின் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவராக, அதாவது நாமினியாக, என்னை நியமிக்கிறார்கள், நான் அதற்குச் சம்மதிக்கிறேன் என்று இருக்கிறது. சம்பளம் ஏறவில்லை, பதவியும் மாறவில்லை. வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். திங்கட்கிழமைக்குள் வேண்டுமாம்.

போடலாமா? போட்டால் எதற்கெல்லாம் நான் பதில் சொல்ல வேண்டிவரும்? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

களத்துமேடு

தம்பி, நான் பன்னிரண்டு வருடமாக சேகோவில் ஷிப்ட் பார்க்கிறேன். எல்லா ஆலையிலும் யாரோ ஒருத்தர் போட்டுத்தான் இருக்கிறார்கள். யாரும் ஜெயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. கேஸ் வந்தால் முதலாளி வக்கீல் வைத்துப் பார்த்துக்கொள்வார். நீங்கள் மாட்டேன் என்றால் அடுத்த வாரம் இன்னொரு பையன் வந்து போட்டுவிட்டு உங்கள் நாற்காலியில் உட்காருவான். வீட்டு நிலைமையைப் பார்த்து முடிவெடுங்கள்.

தலைவாசல்_தரம்

களத்துமேடு அண்ணா அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

தம்பி, போடவே போடாதீங்க என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைக்கு இருக்கிற நிலைமையில் போடாதீங்க என்றுதான் சொல்வேன்.

இந்தப் படிவம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2006ஆம் வருடத்து உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 66ஆம் பிரிவு. கம்பெனி தப்பு செய்தால் கம்பெனியோடு சேர்த்து, அந்த நேரத்தில் அதன் நடவடிக்கைக்குப் பொறுப்பாக இருந்தவரும் குற்றவாளி. பல யூனிட், கிளை இருக்கிற இடத்தில் அந்தக் கிளையின் தலைவரோ, உணவுப் பாதுகாப்புக்கென்று நியமிக்கப்பட்டவரோ பொறுப்பு. அந்த "நியமிக்கப்பட்டவர்" நீங்கள்தான் என்று காட்டும் தாளைத்தான் இப்போது பையில் வைத்திருக்கிறீர்கள். எங்களுடையது பார்ட்னர்ஷிப், கம்பெனி இல்லையே என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பிரிவிலேயே கம்பெனி என்றால் பார்ட்னர்ஷிப்பும் சேர்த்துத்தான் என்று விளக்கம் இருக்கிறது.

இன்னொன்று, இதையும் அதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உற்பத்தியை மேற்பார்வை பார்க்க வேதியியலோ மைக்ரோபயாலஜியோ உணவுத் தொழில்நுட்பமோ படித்த ஒருவர் இருக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. அந்த இடத்துக்கு உங்கள் டிகிரியைக் கொடுப்பது வேறு, நாமினியாகக் கையெழுத்துப் போடுவது வேறு. முதலாவது உங்கள் வேலை, அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

நான் உங்களைக் கேட்பது ஒன்றுதான். சரக்கு சரியில்லை என்று நீங்கள் சொன்னால் லாரி நிற்குமா?

கிச்சிப்பாளையம்_24

நிற்காது அக்கா. இரண்டரை வருடத்தில் ஒரே ஒரு தடவை சரக்கை அனுப்பக் கூடாது என்று ஹோல்டு போட்டேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நான் ஒட்டிய சிவப்புச் சீட்டு குப்பைக்கூடையில் கிடந்தது.

கோர்ட்ரோடு

வக்கீல் ஆபீசில் இந்த மாதிரி ஃபைல்கள் நிறையப் பார்க்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

66ஆம் பிரிவிலேயே ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. தவறு தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, அதைத் தடுக்கத் தன்னால் ஆன எல்லா முயற்சியும் எடுத்தேன் என்றோ நிரூபித்தால் தப்பலாம். 80ஆம் பிரிவும் அதையே விரிவாகச் சொல்கிறது. கவனிக்க வேண்டிய வார்த்தை "நிரூபித்தால்". வாயால் சொன்னேன், போனில் சொன்னேன் என்பது அங்கே செல்லாது.

தொகைகளும் தெரிந்திருக்கட்டும். தரம் குறைந்த உணவுக்கு 5 லட்சம் வரை, லேபிள் தப்புக்கு 3 லட்சம் வரை, சுகாதாரமில்லாத தயாரிப்புக்கு 1 லட்சம் வரை அபராதம். இவை மாவட்ட வருவாய் அலுவலர் முன்னால் நடக்கும் விசாரணை. பாதுகாப்பற்ற உணவு என்று ரிப்போர்ட் வந்தால் கதை வேறு. அது 59ஆம் பிரிவு, கோர்ட்டுக்குப் போகும், சிறை வரை இடமிருக்கிறது. யாரும் ஜெயிலுக்குப் போய்ப் பார்த்ததில்லை என்று மேலே எழுதியவர் பார்க்காமல் இருந்திருக்கலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம், பலர் கோட்டை விடுவது இங்கேதான். உணவுப் பாதுகாப்பு அலுவலர் சாம்பிள் எடுத்தால் நான்கு பாகமாகப் பிரிப்பார். ஒன்று ஆய்வகத்தில் சோதிக்கும் உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு அவருடைய மேலதிகாரியான நியமன அலுவலருக்கு. நான்காவதை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி நாமே கேட்கலாம், செலவு நம்முடையது. அப்போதே எழுத்தில் கேளுங்கள். ரிப்போர்ட் 14 நாளில் வர வேண்டும். பாதகமாக வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு. ரிப்போர்ட் கவரைப் பிரிக்காமலே மேஜையில் போட்டுவைத்து 40ஆவது நாள் ஓடிவருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கிச்சிப்பாளையம்_24

நன்றி அண்ணா. இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். இவை இல்லை என்றால் நான் இவ்வளவு யோசித்திருக்கவே மாட்டேன்.

முதலாவது, சரக்கில் உலோகத் துண்டு இருக்கிறதா என்று பார்க்கும் மெட்டல் டிடெக்டர். மணிக்கு ஒரு தடவை இரும்பு, இரும்பல்லாத உலோகம், ஸ்டீல் என்று மூன்று டெஸ்ட் பீஸையும் ஓட்டிப் பார்த்து எழுத வேண்டும். போன புதன்கிழமை காலை ஐந்தரைக்கே போய்விட்டேன். நைட் ஷிப்ட் ரெக்கார்டைப் புரட்டினால் இரவு பத்திலிருந்து காலை எட்டு வரை எல்லாக் கட்டத்திலும் ஓகே. மணி ஐந்தரை, எட்டு மணி ஓகே ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அதைக்கூட விடுங்கள். செவ்வாய் சாயங்காலம் டெஸ்ட் பீஸ் டப்பாவைத் தெரியாமல் என் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் பேண்ட் பாக்கெட்டில்தான் இருந்தது. ராத்திரி முழுக்க எதை ஓட்டி எழுதினார்கள்?

இரண்டாவது ஹைப்போ, அதாவது குளோரின் கரைசல். தண்ணீர் சுத்தம் பண்ண என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள். ஸ்டோரில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 35 லிட்டர் கேன் ஒன்று போகிறது. ரெஜிஸ்டரில் "போர் தண்ணீர்" என்று எழுதியிருக்கிறது. எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. கேட்டால் "இது சீசன்" என்கிறார்கள்.

தலைவாசல்_தரம்

தம்பி, கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீருக்குக் குளோரின் போடுகிறீர்கள்?

கிச்சிப்பாளையம்_24

டேங்க் கணக்கில் ஐம்பதாயிரம் லிட்டர் வரும் அக்கா.

தலைவாசல்_தரம்

சரி, சேர்ந்தே போடுவோம். தாராளமாக லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதாயிரம் லிட்டருக்கு 150 கிராம் குளோரின். ஹைப்போ 10 சதவீதம் என்றால் ஒரு லிட்டரில் சுமார் 100 கிராம் இருக்கும். ஆக ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் போதும். 35 லிட்டர் கேன் இருபத்துமூன்று நாள் வர வேண்டும். வெயிலில் வைத்து வீரியம் போய்விட்டது, பாதிதான் இருக்கிறது என்றாலும் பதினோரு நாள். உங்கள் ஆலையில் இரண்டு நாளில் காலி.

மீதி எங்கே போகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாவுப்பால் தொட்டிக்குப் போகிறது. ஜவ்வரிசியை வெளுப்பாக்க ஹைப்போவோ அமிலமோ சேர்க்க விதியில் இடமே இல்லை. சேலம், நாமக்கல் பக்கம் ஆலைகளில் அதிகாரிகள் சோதனைக்கு வந்து மூட்டைகளைப் பறிமுதல் செய்தார்கள் என்று பேப்பரில் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த வெளுப்பு விவகாரம்தான்.

இந்த ஆலையில்தான் உங்கள் பெயரை எழுதச் சொல்கிறார்கள். ஒன்று சொல்கிறேன், அந்த ஸ்டோர் ரெஜிஸ்டரை நீங்கள் தனியாகப் போட்டோ எடுத்து வெளியே யாருக்கும் அனுப்பாதீர்கள். முதலில் எழுத்தில் முதலாளியிடம் கேளுங்கள். அவருக்கே தெரியாமல் சூப்பர்வைசர் மட்டத்தில் நடப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

மூணாவது_தொட்டி

நான் ஆலை நடத்துகிற குடும்பம். அப்பா ஆரம்பித்தது, இப்போது நானும் தம்பியும் பார்க்கிறோம். முதலாளிகள் எல்லாரும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஹைப்போ ஏன் போடுகிறார்கள் என்பதை யாரும் பேசவில்லை. வாங்குகிறவன் மகாராஷ்டிராவில் இருக்கிறான், வங்காளத்தில் இருக்கிறான். நவராத்திரி, ஏகாதசி விரதத்துக்கு அங்கே ஜவ்வரிசிதான் சாப்பாடு. அவன் கையில் அள்ளிப் பார்ப்பது வெளுப்பை. பழுப்பாக இருந்தால் மூட்டைக்கு விலை குறைக்கிறான். உடனே இங்கே கேனைத் திறக்கிறார்கள்.

ஆனால் கிழங்கு பழுப்பாவது தொட்டியில் இல்லை, லாரியில். குச்சிக்கிழங்கைப் பிடுங்கி இரண்டு மூன்று நாள் போனால் உள்ளே நீலக்கோடு ஓட ஆரம்பிக்கும். ஒடித்துப் பார்த்தாலே தெரியும். அதையும் தோல் சரியாக உரிக்காமல் அரைத்தால் மாவு அழுக்கு நிறமாகத்தான் இறங்கும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் அதுவும் சேரும். தொட்டியில் மாவை ரொம்ப நேரம் படியவிட்டால் புளித்துப்போகும். இந்த நாலையும் விட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கேன் மருந்தில் சரிக்கட்டப் பார்க்கிறோம்.

நாங்கள் மாற்றியது இப்படித்தான். வயலில் பிடுங்கிய மறுநாளுக்குள் அரைவைக்கு வராத லோடை எடுப்பதில்லை. பாயிண்ட் (கிழங்கில் உள்ள மாவுச்சத்து அளவு) பார்த்து விலை போடும்போதே நாலு கிழங்கை ஒடித்து நீலக்கோடு இருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறோம். தோல் உரிக்க ஆள் கூட்டினோம். தண்ணீருக்கு இரும்பு எடுக்கிற பில்டர் வைத்தோம். முதல் வருடம் கையைக் கடித்தது, பொய் சொல்ல மாட்டேன். மில்க் ஒயிட் அளவு வெளுப்பு இன்றைக்கும் வரவில்லை. ஆனால் வாங்குகிற நாலு பேர் தேடி வந்து வாங்குகிறார்கள்.

இரண்டாம் உலகப்போர் நேரத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வராமல் போனபோது சேலத்தில் கையால் ஆரம்பித்த தொழில் இது. 1981இல் ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வளவு கிடைத்த பிறகும் கேனை நம்பி ஓட்டினால் அந்தப் பெயரை நாமே கெடுக்கிறோம் என்பது என் ஆதங்கம்.

தம்பி, உங்கள் முதலாளியிடம் நேராகப் பேசுங்கள். அக்கவுண்ட்ஸ் வழியாக வேண்டாம்.

களத்துமேடு

மூணாவது தொட்டி அண்ணா சொல்வது உண்மை. நீலக்கோடு ஓடின கிழங்கை எங்கள் தலையில் கட்டிவிட்டு, மாவு ஏன் வெளுக்கவில்லை என்று ஷிப்ட்காரனைத்தான் கேட்பார்கள். நைட்டில் ரெக்கார்டு முன்கூட்டியே எழுதுவதும் நடக்கும், மறைக்க ஒன்றுமில்லை. பேக்கிங்கில் மூன்று ஆள் வேண்டிய இடத்தில் ஒருத்தர் இருக்கிறார். அவர் மூட்டை தைப்பாரா, டெஸ்ட் பீஸ் ஓட்டுவாரா? ரெக்கார்டு காலியாக இருந்தால் காலையில் திட்டு. நிரப்பியிருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஏற்காடு_மிளகு

நான் சேகோ இல்லை. ஏற்காட்டில் சின்னதாக மிளகு, காபி பொடி யூனிட், மொத்தம் ஏழு பேர். ஆனாலும் களத்துமேடு கடைசியாக எழுதியது அப்படியே எங்கள் கதை.

எங்களிடம் சிக்கரி கலந்த காபிப்பொடி உண்டு. காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, எவ்வளவு காபி எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் போட வேண்டும். தராசுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து ஒவ்வொரு கலவைக்கும் எடை எழுதச் சொன்னேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லா வரியிலும் 70, 30. ஒரு வரியில் கூட 70.2 இல்லை. நிஜமாக நிறுத்தால் அப்படி வராது.

யாரையும் திட்டவில்லை. அந்த அம்மாவோடு நின்று ஒரு நாள் முழுக்கக் கலவை போட்டேன். அப்போதுதான் தெரிந்தது, தராசு ஒரு மூலையில், நோட்டு இன்னொரு மூலையில், கையெல்லாம் பொடி. பேனாவைத் தொட வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் கை கழுவ வேண்டும். நோட்டைத் தராசுக்கு மேலேயே அட்டையில் மாட்டி, பென்சிலைக் கயிற்றில் தொங்கவிட்டேன். அடுத்த வாரம் 69.8, 70.4 என்று எழுத ஆரம்பித்தார்கள். அந்தக் கோணல் எண்களைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

தம்பி, டெஸ்ட் பீஸ் டப்பா உங்கள் லாக்கருக்கு வரவே கூடாது. மெஷினிலேயே இருக்கட்டும்.

தலைவாசல்_தரம்

ஏற்காடு, அருமையாகச் சொன்னீர்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை பொதுவில் எழுதியதில்லை. முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் நானும் இதே படிவத்தில் போட்டேன், பார்மாலிட்டி என்று சொன்னதை நம்பி. ஒரு லாட்டில் (ஒரு தொகுதிச் சரக்கில்) சாம்பல் அளவு, அதாவது எரித்தால் மிஞ்சும் சாம்பல், கூடுதலாக இருந்தது. ஜவ்வரிசிக்கு மொத்தச் சாம்பல் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மண்ணோ வேறெதுவோ சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். களத்தில் காயப்போட்டபோது காற்றடித்து மண் விழுந்திருந்தது. நான் மேனேஜரிடம் போய், "சார், இந்த லாட் வேண்டாம்" என்று சொன்னேன். "பார்க்கலாம்மா" என்றார். அன்று இரவே லோடு போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து வெளியூர்க் குடோனில் சாம்பிள் எடுத்தார்கள். தரம் குறைந்தது என்று ரிப்போர்ட். விசாரணையில் என்னைக் கேட்டார்கள்: "நீங்கள் தடுத்தீர்களா?" சொன்னேன் என்றேன். "எங்கே எழுதியிருக்கிறீர்கள்?" என்னிடம் ஒன்றும் இல்லை. மேனேஜர் எனக்கு நினைவில்லை என்றார். அபராதத்தைக் கம்பெனிதான் கட்டியது. ஆனால் அந்த உத்தரவில் என் பெயர் இருக்கிறது. அப்பா அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் என்னவோ கலப்படம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

அதனால்தான் சொல்கிறேன் தம்பி. பொறுப்பு கேட்கிறவர்கள் அதிகாரத்தையும் சேர்த்துத் தர வேண்டும். படிவத்தோடு ஆலையின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்குங்கள். நீங்கள் ஹோல்டு போட்ட சரக்கை நீங்கள் எழுத்தில் விடுவிக்காமல் வேறு யாரும் அனுப்பக் கூடாது. மீறி அனுப்புவதென்றால் முதலாளியே தன் கையெழுத்தோடு காரணம் எழுத வேண்டும். ரசாயன ஸ்டோரிலிருந்து எதுவும் உங்கள் கையெழுத்தில்லாமல் வெளியே போகக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகச் சோதனை, தண்ணீர்ச் சோதனை, வேலை செய்பவர்களுக்கு மருத்துவச் சான்று, 25 பேருக்கு ஒருவர் என்று பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர், இதற்கெல்லாம் பணம் ஒதுக்க வேண்டும். கடைசியாக, நீங்கள் வேலையை விட்டால் உடனே உரிமத்திலிருந்து பெயரை எடுக்க வேண்டும். உங்கள் சீனியர் பெயர் எடுத்தாகிவிட்டதா என்றும் பாருங்கள், பாவம் அவர்.

அந்த நைட் ஷிப்ட் பையனைப் பற்றி மேலே புகார் எழுதிவிடாதீர்கள். ஆள் போடச் சொல்லி எழுதுங்கள்.

கோர்ட்ரோடு

அக்கா சொன்ன கடிதத்தில் ஒரு சேர்க்கை. தினமும் ஹோல்டு ரெஜிஸ்டரில் தேதி, நேரம், லாட் எண், எத்தனை மூட்டை, என்ன காரணம் என்று எழுதி, பக்கத்துக்கு எண் போட்ட நோட்டாக வையுங்கள். தனித்தாள் வேண்டாம். அன்றைக்கே முதலாளிக்கு மெயிலிலும் ஒரு வரி போகட்டும்.

கிச்சிப்பாளையம்_24

திங்கட்கிழமை முதலாளியிடமே போனேன். எழுதி எடுத்துப்போன தாளைக் கொடுத்தேன். கை நடுங்கியது, ஆனாலும் ஹைப்போ கணக்கை முதல் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அவர் கால்குலேட்டரை எடுத்து அவரே ஒரு தடவை போட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் ஸ்டோர்காரரைக் கூப்பிட்டு, இனிமேல் கேன் என் கையெழுத்தில்லாமல் வெளியே வரக் கூடாது என்றார்.

ஹோல்டு விஷயத்தில் ஒரு மணி நேரம் பேசினோம். சீசன் நேரத்தில் லாரி நின்றால் என்ன ஆகும் என்று அவர் சொன்னதெல்லாம் நியாயம்தான். கடைசியில் ஒத்துக்கொண்டார். மீறி அனுப்புவதென்றால் அவரே எழுதித் தருவார். கடிதம் லெட்டர்ஹெட்டில் வந்துவிட்டது, நாளை சீல் போட்டுத் தருகிறார்கள். பேக்கிங்கில் இரவுக்கு ஒரு ஆள் கூடுதலாக வைக்கிறார்கள். டெஸ்ட் பீஸ் டப்பாவை மெஷினில் சங்கிலி போட்டு மாட்டிவிட்டேன். சீனியர் பெயர் இன்னும் உரிமத்தில்தான் இருக்கிறது. அவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன், அவருக்கே தெரியாது.

படிவத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கடிதம் கைக்கு வந்த பிறகுதான் போடுவேன்.

மூணாவது_தொட்டி

நல்ல செய்தி தம்பி. உங்கள் முதலாளி கால்குலேட்டரை எடுத்தார் பாருங்கள், அவரோடு வேலை செய்யலாம். கேன் நின்றதும் முதல் பத்து நாள் மாவு பழுப்பாகத்தான் இறங்கும், வியாபாரிகளிடமிருந்து போன் மேல் போன் வரும். அந்த நேரத்தில்தான் அவர் மனசு மாறப் பார்க்கும். நாளையிலிருந்தே லோடு வரும்போது கிழங்கை ஒடித்துப் பார்த்து எழுத ஆரம்பித்துவிடுங்கள். எந்த லோடில் நீலக்கோடு, எந்தத் தொட்டியில் பழுப்பு என்று அவர் கண்ணுக்கு நேராகக் காட்ட வேண்டும். வேண்டுமானால் ஒரு நாள் இங்கே வந்து எங்கள் கிழங்கு இறக்கும் இடத்தைப் பாருங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு வாங்க.

கிச்சிப்பாளையம்_24

கண்டிப்பாக அண்ணா. ஞாயிற்றுக்கிழமை வரலாமா? காலையில் லோடு எத்தனை மணிக்கு இறங்கும்?

மூணாவது_தொட்டி

ஐந்து மணிக்கு முதல் லாரி. நாலேமுக்காலுக்கு வந்துவிடுங்கள், ஒடித்துப் பார்ப்பதிலிருந்து பார்க்கலாம்.